பாடக்குறிப்புக்கு வெளியே ஒரு கொப்பி: வன்னியில் கற்பிக்க வரும் புதிய ஆசிரியருக்கு

இலங்கையின் வடக்கே, வன்னியின் சிறிய பாடசாலை ஒன்றுக்கு நியமனம் பெற்று வரும் ஆசிரியர், பிள்ளைகளின் பெயர்களை மனத்தில் இருத்துவதற்கு முன்பே நான்கைந்து பதிவேடுகளுக்குப் பொறுப்பாகிவிடுகிறார். வரவு இடாப்பு, பாடக்குறிப்பேடு, தவணைத் திட்டம், கணிப்பீட்டுப் பதிவு என்று அவை நீளும். இவற்றுள் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவை எல்லாம் அதிபரோ கோட்டக் கல்வி அலுவலரோ ஆசிரிய ஆலோசகரோ பார்த்துக் கையொப்பம் இடுவதற்காக எழுதப்படுபவை. பாடக்குறிப்பு, நாளை நாம் என்ன செய்யவிருக்கிறோம் என்பதைச் சொல்கிறது. இன்று வகுப்பில் உண்மையில் என்ன நடந்தது, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதைச் சொல்லும் பதிவேடு ஒன்றும் நம்மிடம் இல்லை. அந்தக் குறையை நிரப்பும் ஒரு கொப்பியை எப்படி வைத்திருப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் கற்பித்ததில், புதிதாக வருபவருக்கு நான் உறுதியோடு கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான்.

வன்னிக்கு இது கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகுக்கப்பட்ட பாடசாலைகளில் ஆசிரியர் வருவதும் போவதும் வழமை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியா நகரிலிருந்தும் விடிய முன் புறப்பட்டு ஏ-9 வீதியால் வந்து, மாங்குளத்திலோ புளியங்குளத்திலோ இறங்கி, உட்கிராமத்துக்கு வேறு வழி பார்த்துப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆனால் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது, அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவர் அறிந்திருந்தது அத்தனையும் அவரோடு பேருந்தில் ஏறிப் போய்விடுகிறது. அடுத்து வருபவர் அதையே மீண்டும் கண்டுபிடிக்க ஒரு தவணையைச் செலவழிக்கிறார். அந்தத் தவணை பிள்ளையின் கணக்கில்தான் கழிகிறது.

கொப்பியும் நேரமும்

விலைகூடிய நாட்குறிப்பேடு வேண்டாம். பிள்ளைகள் பாவிக்கும் 80 பக்க ஒற்றைறூள் கொப்பி ஒரு தவணைக்குப் போதும். இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு நாள் அடங்கும். வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள்; அதன் பயன் பின்னர் வரும். கைபேசியில் எழுதினால் என்ன என்று இளைய ஆசிரியர்கள் கேட்பதுண்டு. எழுதலாம், ஆனால் ஐந்து வாரத்துக் குறிப்புகளை ஒரே பார்வையில் புரட்டிப் பார்ப்பதற்கும், போகும்போது இன்னொருவர் கையில் கொடுப்பதற்கும் தாளே உகந்தது.

பாடசாலை ஒன்றரைக்கு முடிகிறது. அதன்பின் வரும் பேருந்தைத் தவறவிட்டால் வீடு சேரப் பொழுது பட்டுவிடும் என்ற நிலையில் இருப்பவரிடம், மணி அடித்தபின் இருந்து எழுதுங்கள் என்று சொல்வது நடக்காத காரியம். ஆகவே இடைவேளை முடிந்து பிள்ளைகள் கை கழுவிவிட்டு வரும்வரையில் ஒரு வரியும், கடைசிப் பாடவேளையில் அவர்கள் தம் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு வரியும் எழுதுங்கள். இரவுக்கு ஒத்திவைக்காதீர்கள். இரவில் எழுதினால் பிள்ளை செய்த பிழை மறந்துபோய், நமது களைப்பு மட்டுமே நினைவில் நிற்கும்.

எதை எழுதுவது

முதல் மாதத்தில் எல்லோரும் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: 'பாடம் நன்றாக நடந்தது', 'மாணவர்கள் கவனக்குறைவு', 'கழித்தல் விளங்கவில்லை'. இந்த வரிகளால் மறுநாள் எதையும் செய்ய முடியாது. இவை நமது தீர்ப்புகள். கண்ணால் கண்டவை அல்ல. கண்டதை எழுதும் பழக்கம் வர ஆறு வாரமாவது செல்லும். அதுவரை பொறுமை வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 402 இலிருந்து 178 ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 376 என்று எழுதுவார்கள். விடை 224. 'பிழை' என்று சிவப்பு மையால் கீறிவிட்டுப் போனால் அதோடு அது முடிந்தது. ஆனால் 376 என்ற எண்ணை அப்படியே கொப்பியில் எழுதி, இடைவேளையில் ஒரு நிமிடம் பார்த்தால் அது எப்படி வந்தது என்பது தெரியும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது: 8 இலிருந்து 2 ஐக் கழித்து 6, 7 இலிருந்து 0 ஐக் கழித்து 7, 4 இலிருந்து 1 ஐக் கழித்து 3. இது கவனக்குறைவே அல்ல. பிள்ளை தனக்கென்று ஒரு விதியை வைத்திருக்கிறது. அந்த விதியை ஒழுங்காகவும் பின்பற்றுகிறது. அந்த விதி, இலக்கங்கள் சிறிதாக இருந்த காலத்தில் சரியான விடையைத் தந்திருக்கும். எனவே மறுநாள் இன்னும் பத்துக் கணக்கைக் கரும்பலகையில் போடுவது அதே விதியை இன்னும் உறுதியாக்குமே தவிர மாற்றாது. அதற்குப் பதிலாக ஈர்க்குகளை எடுங்கள். பத்துப் பத்தாகக் கட்டுங்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறு என்று ஒரு பெரிய கட்டாக்குங்கள். நான்கு பெரிய கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் பிள்ளையின் முன் இருக்க, அதிலிருந்து எட்டுத் தனி ஈர்க்கைத் தரும்படி கேளுங்கள். பத்தின் கட்டே இல்லை என்பதைக் கண்டு, ஒரு நூறை அவிழ்த்துப் பத்துக் கட்டுகளாக்கி, அவற்றுள் ஒன்றை மேலும் அவிழ்க்கும்போது, மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று என்பது கையிலேயே தெரிந்துவிடும். அதன்பின் கொப்பியில் எழுத வேண்டிய வரி இவ்வளவுதான்: 'ஈர்க்கு அவிழ்த்தபின் ஐவரில் மூவர் சரி; இருவர் நூறை அவிழ்க்கப் பயப்படுகிறார்கள்.'

வாசிப்பிலும் இதே ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள். தரம் 3 க்கு வந்தும் 'கொடி' என்பதைக் 'கெரடி' என்று வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. கொம்பும் (ெ) அரவும் (ா) ஓர் எழுத்தின் இரு பக்கமும் நின்று ஒரே ஒலியைத் தருகின்றன என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. அரவைத் தனி ரகரமாகப் பார்க்கிறது. இதை 'வாசிப்புக் குறைவு' என்று எழுதினால் எங்கே தொடங்குவது என்று நமக்கே தெரியாது. 'கெரடி' என்று கேட்டபடியே எழுதினால் மறுநாள் வேலை தெளிவாக இருக்கும்: கொ, பொ, தொ, மொ ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதி, இரு பக்கக் குறியையும் எழுத்தையும் சேர்த்து ஒரே வட்டத்துக்குள் அடைத்துக் காட்டுவது.

பேச்சும் எழுத்தும் பிரியும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 'நான் நேற்று வரேல்லை' என்று எழுதும் பிள்ளையின் காது பிழையானதல்ல. வீட்டில் கேட்டதை ஒலி தவறாமல் எழுதியிருக்கிறது. அதை வெட்டாமல், பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதி, இது பேசும்போது, இது எழுதும்போது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும். வெட்டினால் அடுத்த முறை எழுதவே தயங்கும்.

இரண்டு தரம், ஓர் அறை

மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளில் இரண்டு தரங்களை, சில இடங்களில் மூன்று தரங்களை, ஒரே ஆசிரியர் ஒரே அறையில் வைத்திருக்க வேண்டி வருகிறது. 1999 இலிருந்து நாடு முழுவதும் படிப்படியாக நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 ஐ முதலாவது முதன்மை நிலையாகவும், 3, 4 ஐ இரண்டாவதாகவும், 5 ஐத் தனித்து மூன்றாவதாகவும் வகுத்தது. தெரிவு செய்யும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், ஒரே முதன்மை நிலைக்குள் வரும் தரங்களையே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். புலமைப்பரிசில் பரீட்சையின் அழுத்தத்தோடு இருக்கும் தரம் 5 ஐ வேறொன்றோடு சேர்த்தால், மற்றத் தரம் அந்த ஆண்டு முழுவதும் ஓரத்தில் இருந்துவிடும்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளையும் கதை, பாட்டு ஆகியவற்றையும் இரு தரத்துக்கும் பொதுவாக நடத்தலாம். குளத்துக்கு வரும் பறவைகளைப் பற்றிப் பேசும்போது சிறியவர் படம் கீறிப் பெயர் எழுதுவதும் பெரியவர் ஐந்து வசனம் எழுதுவதும் ஒரே பாடத்தின் இரு நிலைகள்தாம். கணிதத்தை மட்டும் பிரித்தே நடத்துங்கள். 40 நிமிடப் பாடவேளையில் ஒரு தரத்துக்குப் புதிய விடயத்தைக் கற்பிக்கும்போது, மற்றத் தரத்துக்கு ஏற்கெனவே தெரிந்த விடயத்தில் பயிற்சி இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நாளில் புதியதைத் தொடங்கினால் இரண்டும் கெடும்.

இங்கே கொப்பி செய்யும் வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் எந்தத் தரம் எவ்வளவு நேரம் வேலையின்றிக் காத்திருந்தது என்பதை எழுதுங்கள்: 'தரம் 4, பயிற்சி முடித்து ஒன்பது நிமிடம் சும்மா.' முதன்முதலில் இதைக் கணக்கிட்ட வாரத்தில் எனக்கு மனம் மிகவும் வருந்தியது. நான் ஓயாமல் கற்பித்துக்கொண்டிருந்த அதே அறையில் அரைவாசிப் பிள்ளைகள் ஓயாமல் காத்திருந்திருக்கிறார்கள். அதன் பின்னரே, பயிற்சியை முடித்த பிள்ளை என்னைக் கேளாமல் எடுக்கக்கூடிய வாசிப்பு அட்டைகளைச் சுவரோரம் ஒரு பெட்டியில் வைத்தேன். இரு தரங்களையும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து இருத்தியதும் அப்போதுதான்.

வராத பிள்ளைகள்

வரவு இடாப்பில் ஒரு குறிதான் இருக்கும். காரணத்தைக் கொப்பியில் எழுதுங்கள். காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோவதற்கோ, வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பதற்கோ பிள்ளை மறிக்கப்படுவதுண்டு. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்றொழிலின் பருவத்துக்கேற்ப குடும்பம் இடம் மாறும். காட்டோரக் கிராமங்களில் இரவில் யானை வந்தால், காலையில் பிள்ளையைத் தனியே அனுப்பத் தாய் பயப்படுவார். பாலைப்பழக் காலமும் வற்றாப்பளைப் பொங்கலும் மடுத் திருவிழாவும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். ஓர் ஆண்டு இவற்றை எழுதிவைத்தால், மறு ஆண்டு எந்த வாரத்தில் புதிய அலகைத் தொடங்கக்கூடாது என்பதை உங்கள் தவணைத் திட்டமே சொல்லும்.

வீட்டுவேலையைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு சொல். இன்று நம்முன் இருக்கும் பிள்ளைகள் 2009 இன் பின் பிறந்தவர்கள். போரை அவர்கள் கண்டதில்லை. ஆனால் அவர்களுடைய பெற்றோரில் பலர், பள்ளிக்கூட வயதில் இடத்துக்கு இடம் பெயர்ந்து, மரநிழலிலும் பின்னர் செட்டிகுளம் முகாம்களின் கூடாரங்களிலும் விட்டுவிட்டுப் படித்தவர்கள். 'தாய் தந்தை கவனிப்பதில்லை' என்று எழுதுவதற்கு முன், அந்தப் பாடம் அவர்களுக்கு ஒருபோதும் கற்பிக்கப்படாமலே போயிருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உதவி இல்லாமல் பிள்ளை தனியே செய்யக்கூடியதை மட்டுமே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

குடும்பத்தின் அந்தரங்கத்தை இந்தக் கொப்பியில் எழுத வேண்டாம். கொப்பி மேசையில் கிடக்கும், யாரும் எடுத்துப் பார்ப்பார்கள். பிள்ளை வீட்டில் துன்புறுத்தப்படுகிறது என்ற ஐயம் எழுந்தால் அது குறிப்பு எழுதும் விடயமே அல்ல. உடனே அதிபருக்கும் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும் தெரிவிக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் ஒவ்வோர் ஆசிரியரின் நினைவிலும் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வாசிப்பு

எழுதுவதோடு நின்றால் இது இன்னுமொரு பதிவேடு. வெள்ளிக்கிழமைகளில் கால் மணி நேரம் ஒதுக்கி அந்த வாரத்தை வாசித்து, வலப்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு விடயங்களைத் தேடுங்கள். ஒன்று, திரும்பத் திரும்ப வரும் பிழை. மற்றது, பெயரே வராத பிள்ளை. கெட்டிக்காரரும் குழப்படிக்காரரும் கொப்பியை நிறைத்துவிடுவார்கள். நடுவில், தொல்லை தராமல், கேளாமல், கையும் உயர்த்தாமல் இருக்கும் பிள்ளைகளின் பெயர் மூன்று வாரமாக வந்திராது. அடுத்த திங்கட்கிழமை முதலில் அந்தப் பிள்ளையின் அருகில் போய் இருங்கள்.

இந்த வாசிப்பு எனக்குத் தந்த ஒன்றை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். ஒரு வகுப்பை நான் பொறுப்பேற்றபோது, ஒரு பையனைப் பற்றி 'சரியான குழப்படி, பின்வாங்கில் இருத்துங்கோ' என்ற ஒரே வசனம்தான் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நானும் அப்படியே இருத்தினேன். சொல்வதெழுதலில் அவனுடைய புள்ளி ஒரு நாள் எட்டு, மறுநாள் இரண்டு என்று தாவுவதைக் கொப்பியில் எழுதிவந்தேன். யாருக்கருகில் இருந்தான் என்பதையும் தற்செயலாகச் சேர்த்து எழுதியிருந்தேன். ஏழு வாரக் குறிப்புகளை ஒன்றாக வாசித்தபோது, வாங்கின் வலது முனையில் இருந்த நாள்களில் அவன் சரியாக எழுதியதும், இடது முனையில் இருந்த நாள்களில் தவறவிட்டதும் தெரிந்தது. ஒரு காதில் கேள்விக் குறைபாடு என்று பின்னர் வைத்தியசாலையில் சொன்னார்கள். அவன் சொல்வழி கேளாத பிள்ளை என்று நாம் எண்ணியிருந்தோம். சொன்னதே அவனுக்குக் கேட்டிருக்கவில்லை. அந்த ஏழு வாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. ஆனால் கொப்பி இல்லாதிருந்தால் அது ஏழு வாரத்தோடு முடிந்திருக்காது.

மாறிவிட்ட தொழில்

நான் சேவைக்கு வந்த காலத்து ஆசிரியர் தொழில் இன்று இல்லை. 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. பிரம்பு இல்லாமல் வகுப்பை எப்படி நடத்துவது என்று அன்று கேட்டவர்களுக்கு, பிள்ளை ஏன் அப்படி நடக்கிறது என்று எழுதிப் பார்க்கும் பழக்கமே சரியான விடை என்று நான் நம்புகிறேன். 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டத்தோடு, பாடத்தை ஐந்து கட்டங்களாக நடத்தும் 'ஐந்து ஈ' (5E) முறை வந்தது. குழுச் செயற்பாடு பெருகியது. ஆனால் குழுவில் ஒருவர் எழுத மற்றவர் பார்த்திருப்பதைக் கண்டவர்கள் ஆசிரியர்கள்தாம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வட்ஸ்அப் வழியே போகத் தொடங்கியது. சமிக்ஞை கிடைக்காத கிராமங்களில் பிள்ளைகள் மேட்டிலும் மரத்தடியிலும் கைபேசியோடு நின்றார்கள், கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. 2021 இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வாரத்தில் சில நாள்களே பாடசாலை நடந்தது. இந்த இடைவெளிகள் எல்லாம் பிள்ளையின் வாசிப்பிலும் கணக்கிலும் ஓட்டைகளாக இருக்கின்றன. எந்தப் பிள்ளையின் ஓட்டை எங்கே என்பதை எந்த வழிகாட்டி நூலும் சொல்லாது.

முன்பு கிராமத்தில் கடிதம் வாசிக்கவும் ஆசிரியரைத் தேடி வந்தார்கள். இன்று தகவல் பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் கட்டுரையே எழுதித்தரும் செயலிகளும் வந்துவிட்டன. ஆகவே பாடவிடயத்தை அறிந்தவர் என்ற மதிப்பு நமக்கு முன்போல் கிடைக்காது. இந்தப் பிள்ளை 402 இலிருந்து 178 ஐக் கழிக்கும்போது எந்த இடத்தில் தடுமாறும் என்பதை அறிந்தவர் என்ற மதிப்பை நாம் உழைத்துத்தான் பெற வேண்டும். அது பிள்ளையின் அருகில் இருந்து, பார்த்து, எழுதுவதால் வருவது. சம்பளமும் இடமாற்றமும் பதவி உயர்வும் பேசப்பட வேண்டியவையே. அவற்றுக்காக வீதியில் நின்றவர்களுள் நானும் ஒருவர். ஆனால் நிகழ்வுகளைப் படம்பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும் படிவங்களை நிரப்புவதற்கும் போகும் நேரம் பிள்ளையைப் பார்க்கும் நேரத்தைத் தின்பதைக் கண்டும் பேசாமல் இருப்பது சரியல்ல. வலயக் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது கொப்பியின் பக்கங்களோடு சொல்லுங்கள். காத்திருந்த நிமிடங்களின் கணக்கைக் காட்டினால் கேட்பார்கள்.

மேற்பார்வைக்கு வருபவரிடம் இந்தக் கொப்பியைக் காட்ட வேண்டிய கடமை இல்லை. காட்டுவதற்காக எழுதத் தொடங்கினால் மூன்றாம் வாரமே 'பாடம் நன்றாக நடந்தது' என்ற வரி திரும்பி வந்துவிடும். அதற்குப் பதிலாக, பாடசாலையில் நம்பிக்கையான ஓர் ஆசிரியரோடு மாதம் ஒருமுறை கொப்பியை மாற்றி வாசியுங்கள்.

இடமாற்றம் வரும்போது

கட்டளைக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள் என்று வைத்து, கடைசிப் பக்கங்களில் ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று விடயம் எழுதுங்கள்: தனியே எதைச் செய்வார், கடைசியாக எங்கே நின்றுவிட்டார், எந்த வழி அவருக்குப் பயன்பட்டது. 'வாசிப்பில் உயிர்மெய் முடிந்தது. கொம்பும் அரவும் சேரும் எழுத்தில் தயக்கம். அட்டையைக் கையில் கொடுத்தால் வாசிப்பார், நின்று வாசிக்கச் சொன்னால் மாட்டார்' என்பது போதும். கெட்டிக்காரர், மந்தம், குழப்படி ஆகிய மூன்று சொற்களையும் அந்தப் பக்கங்களில் எழுதாதீர்கள்.

அடுத்தவர் வரும் முன் நீங்கள் விடுவிக்கப்பட்டால், கொப்பியை அதிபரிடம் ஒப்படைத்து, பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் அதை ஒரு வரியாகப் பதியச் சொல்லுங்கள். பதியாதது அலுமாரியில் தொலைந்துவிடும். முதற்பக்கத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிவையுங்கள். புதியவர் முதல் மாதத்துக்குள் அழைப்பார். அழைக்காவிட்டால் நீங்களே அழைத்து, வாங்கின் எந்த முனையில் யாரை இருத்தியிருக்கிறார் என்று கேளுங்கள்.